செக் ஜாவாவில் ஒரு நாள்: கடல் வற்றும் நேரத்தை வைத்து உபின் தீவைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கும் புலாவ் உபின் தீவுக்கு நண்பர்களையும் குடும்பங்களையும் பல முறை அழைத்துப் போயிருக்கிறேன். ஏமாந்து திரும்பியவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்திருந்தார்கள். விடுமுறை நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, கடலைப் பற்றி அப்புறம் விசாரித்தார்கள். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற சதுப்புக் கரை, கடல் வற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். வற்றாத நேரத்தில் போனால் மரப்பாதையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அதனால் இந்த வழிகாட்டி படகிலிருந்து தொடங்கவில்லை. கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையிலிருந்து தொடங்குகிறது.

1. தேதிக்கு முன் ஓதம்

சிங்கப்பூருக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு நாளுக்கும் நேரமும் அந்த நேரத்தில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்பதும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘வற்று’ என்று போட்டிருந்தாலே கரை வெளியே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். 1.4 மீட்டர் என்று போட்டிருப்பதும் வற்றுதான். ஆனால் அதில் ஒரு நண்டுகூடத் தெரியாது. 0.5 மீட்டரும் அதற்குக் கீழும் இருக்கும் நாளைத் தேடுங்கள்.

அடுத்து நேரம். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். ஆண்டின் சில மாதங்களில் நல்ல வற்று விடியலுக்கு முன்பே வந்து போய்விடும். மட்டம் எவ்வளவு இறங்கினாலும் அந்த நாள் நமக்குப் பயன்படாது. வற்றின் உச்சம் காலை 9.30-க்கும் மாலை 4.30-க்கும் இடையில் விழும் நாள்தான் வேண்டும்.

வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்கினால் முதல் வடிகட்டலை அதிலேயே செய்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் குறைவு. நாட்காட்டியில் நான்கைந்து நாட்களைக் குறித்துக்கொண்டு அட்டவணையில் சரிபார்த்தால் மாதத்துக்கு ஓரிரண்டு நாட்கள்தான் மிஞ்சும். அவற்றில் எது உங்கள் விடுமுறையோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

2. எந்த வகை நடை வேண்டும்?

செக் ஜாவாவை இரண்டு விதமாகப் பார்க்கலாம். மரப்பாதையில் நடந்து மேலிருந்து பார்ப்பது ஒன்று. தேசியப் பூங்காக் கழகம் ஏற்பாடு செய்யும் நடையில், வழிகாட்டியோடு வற்றிய கரையில் இறங்கிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே நடக்கும், கட்டணமும் உண்டு, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி கிடைத்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் கரையில் இறங்கக் கூடாது. இதை வெறும் விதி என்று நினைத்து மீறப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். காலடியில் மணல் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் உயிரின் வளைக்குக் கூரைதான். கடற்புல்லுக்கு நடுவில் திருக்கை படுத்திருக்கும். சில இடங்களில் சேறு முழங்கால் வரை இழுக்கும். எங்கே மிதித்தால் யாருக்கும் சேதமில்லை என்பது அந்தக் கரையில் பழகியவருக்குத்தான் தெரியும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் வருவதாக இருந்தால் மரப்பாதையே போதும் என்பேன். அதிலேயே இரண்டு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கிறது. பதிவு செய்யும்போது இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூடும் இடம் படகு ஏறும் சாங்கியிலா, உபினிலா? தீவுக்குள் வண்டி ஏற்பாடு உண்டா? மழை வந்தால் என்ன செய்வார்கள்? முதல் கேள்வியைக் கேட்காமல் தவறான கரையில் நின்றவர்கள் உண்டு.

3. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

கயிறு கட்டும், குதிகாலை மூடும் பழைய காலணி. செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். மெல்லிய முழுக்காற்சட்டை. அது வெயில், கொசு, மணல்பூச்சி மூன்றுக்குமே தடுப்பு.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கடைகள் படகுத்துறையை ஒட்டித்தான் இருக்கின்றன. ரொக்கப் பணம், அதுவும் சில்லறையாக. மாற்றுக் காலுறை, ஈரத்தைப் போட ஒரு பை. இருந்தால் இருகண்நோக்கி. மரப்பாதையிலிருந்து பார்க்கும்போது கேமராவைவிட அதுதான் அதிகம் கைகொடுக்கும்.

உணவைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டு வராதீர்கள். பையின் சரசரப்பு கேட்டாலே நீள்வால் குரங்குகள் இறங்கி வரும். முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

இன்னொன்று, கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். எதிர்க்கரை மலேசியாவின் ஜொகூர். உபினில் மட்டுமல்ல, சாங்கி முனையிலேயே மலேசிய அலைவரிசை வந்து ஒட்டிக்கொள்ளும்.

4. வற்று நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாளைத் திட்டமிடும்போது காலையிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள். வற்றின் உச்சத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

உச்சம் பிற்பகல் 3 மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு, அதாவது 1.45-க்கு மரப்பாதையில் கால் வைக்க வேண்டும். நீர் பின்வாங்கும்போதே கூட நடந்தால் ஒவ்வொரு திட்டும் வெளிவருவதைப் பார்க்கலாம். உச்சத்துக்குச் சரியாகப் போய் நின்றால் பாதி நேரம் நீர் திரும்பி ஏறுவதில் போய்விடும். உபின் படகுத்துறையிலிருந்து செக் ஜாவா நடையாக 40 முதல் 50 நிமிடம். குழுவாகப் போனால் ஒரு மணி நேரம் என்று கொள்ளுங்கள். ஆக 12.45-க்குத் துறையிலிருந்து கிளம்ப வேண்டும். காலை 9.30-க்கே தீவுக்குப் போய்விட்டால் இடையில் துறைப்பக்கத்து இடங்களைப் பார்த்து மதிய உணவையும் முடித்துவிடலாம்.

உச்சம் காலை 10.30 என்றால் வரிசை தலைகீழ். படகிலிருந்து இறங்கியதும் நேராகச் செக் ஜாவா, மற்றதெல்லாம் அப்புறம். வேறொருவரின் பயணத் திட்டத்தை அப்படியே பின்பற்றக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் போன நாளின் கடல் வேறு.

5. சாங்கி முனையில் படகு ஏறுதல்

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2-ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜில் விடும். உணவங்காடி நிலையத்தைத் தாண்டினால் படகுத்துறை.

பம்போட் என்ற சிறு விசைப்படகுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஒருவழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பயணம் பத்து நிமிடம்தான். வார இறுதியில் வரிசை நீளும், வாரநாளில் ஆள் சேரக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒருமுறை 14 பேராகப் போனோம். கடைசி இருவர் அடுத்த படகுக்கு ஆள் சேரும் வரை காத்திருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் எங்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. குழு 12-ஐத் தாண்டினால் சரிபாதியாகப் பிரித்து, முதல் பாதியை முன்பே அனுப்பிவிடுங்கள்.

6. துறையிலிருந்து செக் ஜாவா வரை

கழிப்பறை வேலையைத் துறையிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நடக்கலாம், வாடகைச் சைக்கிள் எடுக்கலாம், வேன் பேசலாம். சைக்கிளை எடுப்பதற்கு முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், வழியில் ஏற்ற இறக்கம் உண்டு. செக் ஜாவாவுக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அந்த நடையையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால், துறைக்கு அருகிலுள்ள பெக்கான் குவாரியில் பத்து நிமிடம் நில்லுங்கள். கல் வெட்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து, இப்போது நாரைகள் கூடு கட்டும் இடமாகிவிட்டது. அவசரமாகப் போகிற அன்று இதை விட்டுவிடலாம், நாரை மாலையிலும் இருக்கும்.

7. முதலில் கடலோர வளையம்

மரப்பாதை மொத்தம் 1.1 கிலோமீட்டர். கடலோர வளையம் ஒன்று, கண்டல் (அலையாத்தி) காட்டு வளையம் ஒன்று. கடலோர வளையத்தை முதலில் எடுங்கள். அங்கே தெரிவதெல்லாம் நீர் திரும்பியதும் மூழ்கிவிடும். கண்டல் காடு நீர் ஏறத் தொடங்கிய பிறகும் காத்திருக்கும்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் வேகமாக நடந்துவிடுகிறார்கள். பெரிதாக ஏதாவது கண்ணில் படும் என்று எதிர்பார்த்து, “ஒண்ணுமே இல்லையே அண்ணே” என்று ஐந்தாவது நிமிடத்தில் கேட்பார்கள். ஓரிடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வேன். நம் காலடி அதிர்வில் வளைக்குள் ஒளிந்த பிடில் நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் இரண்டு சிறு கொடுக்காலும் மணலை அள்ளி, உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாகப் போடும். ஐந்தாவது நிமிடத்தில் சேறு முழுக்க அசையும். ஒன்றுமே இல்லை என்றவர்தான் கடைசியாகக் கிளம்புவார்.

அடுத்து மணலில் கவனியுங்கள். பற்பசையைப் பிழிந்து சுருட்டி வைத்ததுபோல் மணல் குவியல்கள் தெரியும். அது பலனோகிளாசஸ் வகைப் புழுவின் வேலை. பிளஸ் டூவில் விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு இந்த வகைப் புழுவால்தான் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது. புழு மணலை விழுங்கி, உணவை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை மேலே தள்ளுகிறது. புழுவைப் பார்க்கத் தோண்ட வேண்டாம், குவியலே போதும்.

நீர் தேங்கிய பள்ளங்களில் கம்பளம் விரித்ததுபோல் கடற்சாமந்தி, கடல் அட்டை, நட்சத்திர மீன். கடற்புல் பசுமையான திட்டாகத் தெரியும். கடற்பசு, அதாவது நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது, மேய்ந்துவிட்டுப் போன தடங்கள் இந்தக் கடற்புல்லில் பதிவாகியிருக்கின்றன. விலங்கைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். தடத்தைத் தேடச் சொல்லி வழிகாட்டியிடம் கேட்கலாம்.

கரையில் இறங்கும் நடையில் போனால் மூன்று விஷயம். வழிகாட்டியின் காலடியிலேயே கால் வையுங்கள், அதனால் மிதிபடும் இடம் ஒரே கோடாக நின்றுவிடும். பூச்சிவிரட்டி தடவிய கையை நீர்க்குட்டையில் விடாதீர்கள், அந்தச் சின்னக் குட்டையில் அது கரைந்து அங்கிருக்கும் உயிருக்குத் தீங்கு செய்யும். நட்சத்திர மீனைப் படத்துக்காக நீருக்கு மேலே தூக்காதீர்கள், அது நீரிலிருந்துதான் மூச்சை எடுக்கிறது.

முன்பு வந்தவர்கள், “போன தடவை இங்கே நிறைய இருந்ததே” என்பார்கள். உண்மையாக இருக்கலாம். 2007 தொடக்கத்தில், ஜொகூரில் பெய்த கனமழை வெள்ளம் ஜொகூர் ஆற்றின் வழியாக இந்தக் கரையில் வந்து நிறைந்தது. உப்பு குறைந்ததும் கடற்சாமந்திகள் வெளிறின, நட்சத்திர மீன்களும் கடல் அட்டைகளும் கூட்டமாகச் செத்தன. பிறகு மெல்ல மெல்லத் திரும்பின. போன படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்கே தெரியும்.

8. நீர் திரும்பியதும் கண்டல் வளையம்

நீர் ஏறத் தொடங்கியதும் இங்கே வந்துவிடுங்கள். இந்த நேரத்துக்கென்றே ஒரு காட்சி உண்டு. சேற்றில் இருந்த நத்தைகளும் மரமேறும் நண்டுகளும் நீருக்கு முன்னால் தண்டில் ஏறும். கீழே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தண்டை இடுப்பளவு உயரத்தில் பாருங்கள். சேற்றில் தத்தித் திரியும் மீன்கள் வேர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

பென்சில் நட்டதுபோல் மேல்நோக்கி நிற்கும் வேர்கள் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் பிராணவாயு இல்லாததால் அவை வெளியே வந்து சுவாசிக்கின்றன. நீப்பா மரத்தைக் காட்டி, “ஐஸ் கச்சாங் என்ற ஐஸ் இனிப்பில் போடும் அந்த வழுவழுப்பான விதை இதிலிருந்துதான்” என்று சொன்னால் பிள்ளைகள் அந்த மரத்தை மறக்க மாட்டார்கள்.

9. கோபுரமும் இருவாட்சியும்

ஜெஜாவி கோபுரம் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். இதைக் கடைசியில் ஏறுங்கள். வெயில் உச்சத்தில் பறவைகள் அதிகம் நடமாடாது, அப்போது ஏறினால் கால்வலிதான் மிச்சம். இடி கேட்டால் ஏற வேண்டாம். மரப்பாதையில் இருந்தாலும் உடனே கரைக்குத் திரும்பி கூரைக்கடியில் நில்லுங்கள். திறந்த கடலோரத்தில் நாம்தான் உயரமான பொருள்.

இங்கே தேட வேண்டியது இருவாட்சி. சிங்கப்பூரிலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன பறவை இது. 1994-இல் ஒரு ஜோடி உபினில் தென்பட்டது. அவை பெருக முடியாமல் தடுத்தது மரப்பொந்துத் தட்டுப்பாடு. இருவாட்சிப் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை ஒரு கீற்று மட்டும் விட்டு அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண்தான் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். அதற்குத் தகுந்த பருத்த பழைய மரங்கள் குறைந்துபோயிருந்தன. அதனால் மரங்களில் செயற்கைக் கூடுகளைக் கட்டி, உள்ளே கேமரா வைத்துக் கவனித்தார்கள். இன்று படகுக்குக் காத்திருக்கும்போது சாங்கி வில்லேஜிலேயே இருவாட்சியைப் பார்க்க முடிகிறது. கூடுப்பெட்டியைக் கண்டால் அதன் கீழே கூட்டமாக நிற்காதீர்கள். நாம் நிற்கும்வரை ஆண் பறவை ஊட்ட வராது.

காட்டுப்பன்றி வந்தால் ஓடாதீர்கள், வழிவிட்டு ஒதுங்குங்கள். இங்குள்ளவை மனிதர்களை நெருங்கி வருவது முன்பு வந்தவர்கள் ஊட்டிய பழக்கம். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பிள்ளை கையில் பிஸ்கட் இருந்தால் அதை முன்கூட்டியே பைக்குள் போடுங்கள்.

10. பாதுகாப்புப் பணியைப் பார்ப்பது எப்படி?

பெரும்பாலோர் விலங்கைப் பார்த்துவிட்டு, அதைக் காப்பாற்றும் வேலையைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அது எங்கே நடக்கிறது என்று தெரியாததுதான் காரணம். மூன்று இடங்களைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள்.

முதலாவது செக் ஜாவாவே. ஏறக்குறைய 100 ஹெக்டேர் கொண்ட இந்தக் கரையை மண்கொட்டி மேடாக்கத் திட்டம் இருந்தது. தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் இங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டதாகப் பலர் சொல்கிறார்கள். அன்று அறிவித்தது ஒத்திவைப்பு. இந்த வித்தியாசத்தைக் குழுவுக்குச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கைவிடப்பட்ட இறால், மீன் குட்டைகள். ‘ரெஸ்டோர் உபின் மாங்குரோவ்ஸ்’ என்ற முயற்சி அங்கே கண்டலை மீட்கப் பார்க்கிறது. கன்று நடுவதற்கு முன், கடல்நீர் இயல்பாக வந்து போக வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களின் முறை. நீர் ஓட்டம் சரியானால் விதைகள் தாமே மிதந்து வந்து ஊன்றும். சரியாகாத இடத்தில் எத்தனை கன்று நட்டாலும் செத்துவிடும். ‘மரம் நடும் விழா’ என்று கேட்டதும் கிளம்பும் நண்பர்களுக்கு இதை முதலில் விளக்கிவிடுவேன்.

மூன்றாவது, கரைக் குப்பை. கையுறையோடு ஒருநாள் துப்புரவுப் பணியில் சேர விரும்பினால் அதை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள், தனி நாளாக வையுங்கள். வற்று நேரம் இரண்டுக்கும் ஒன்றே, ஒன்றை விட்டுத்தான் மற்றதைச் செய்ய முடியும்.

11. திரும்புதல், பதிவு செய்தல்

மாலை 6 மணிக்குள் துறையில் இருங்கள். பொழுது சாய்ந்த பிறகு 12 பேர் சேர்வது கடினம். முழுப் படகுக்கான பணத்தையும் நீங்களே கொடுக்க வேண்டி வரும்.

படங்களை, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். எந்த நாளில் எது இருந்தது என்ற பதிவு ஆய்வாளர்களுக்கு உதவும். அழியும் நிலையிலுள்ள இனங்களுக்கு அந்தத் தளமே இடத்தை மங்கலாக்கிவிடும். ஆனால் முகநூலில் போடும்போது அப்படி நடக்காது. குறிப்பாக வைக்கோல்தலைச் சின்னான். குரல் இனிமைக்காகக் கூண்டில் அடைக்கப் பிடித்துப் பிடித்தே தென்கிழக்காசியாவில் அருகிப்போன பறவை. உபின் அதன் மிஞ்சிய புகலிடங்களில் ஒன்று. அதன் படத்தோடு இடத்தின் பெயரையோ பாதையின் அடையாளத்தையோ போடாதீர்கள். குரலைக் கேட்டால் அதைத் திரும்ப ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம்.

காலணியை அன்றிரவே கழுவிவிடுங்கள். உப்புச் சேறு ஒருநாள் காய்ந்தால் தையல் விட்டுப்போகும். கழுவும்போது அடிப்பகுதியின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். அடுத்த முறை வேறொரு கரைக்கு அதே காலணியோடு போவீர்கள், இந்தச் சேற்றிலுள்ள விதையும் முட்டையும் அங்கே போய்ச் சேரக் கூடாது.